பன்னிரண்டு மணிக்குள் ஒரு மெஷின்

பரீட்சை என்னவோ சின்னதுதான். கிளவுட் நிறுவனம் ஒன்றின் இணையதளத்தில் ஒரு விர்ச்சுவல் மெஷினை உருவாக்க வேண்டும். அதில் ஒரு பக்கம் தெரியும்படி செய்து, பகல் பன்னிரண்டு மணிக்குள் முகவரியை அனுப்பினால் வேலை கிடைக்கும். இல்லாவிட்டால், ஒன்பது வருடம் வீட்டிலேயே இருந்தவளுக்கு இன்னொரு அழைப்பு எப்போது வருமோ, யார் கண்டது.

மருமகள் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்போடு உட்கார்ந்தாள். அதன் பாட்டரி செத்து ஒரு வருடமாகிறது. வயரைப் பிடுங்கினால் அத்தோடு உயிர் போய்விடும். எதிரே மாமனார் பேப்பரை விரித்து வைத்திருந்தார், படிக்கவில்லை. மின்சார அலுவலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆள் இல்லாத அறையில் ஒரு விளக்கு எரிந்தால் அவருக்குப் பொறுக்காது. பேரன் அவருக்கு வைத்த பெயர் மெயின் சுவிட்ச்.

“எங்கம்மா இருக்கு அந்த மெஷின்?”

“எங்கயோ ஒரு ஊர்ல மாமா. பெரிய பெரிய கம்ப்யூட்டரா அடுக்கி வச்சிருப்பாங்க. அதுல ஒரு மூலைய நாம கேட்டு வாங்கிக்கறோம்.”

“கண்ணால பாக்காமலா?”

“பாக்காமதான்.”

தளத்தில் கேள்விமேல் கேள்வி. மெஷின் எந்த ஊரில் இருக்க வேண்டும், எவ்வளவு மெமரி, எந்த லினக்ஸ் இயங்குதளம், வெளியாட்களுக்கு எந்த வாசலைத் திறந்துவைப்பது. பாஸ்போர்ட் ஆபீஸில்கூட இத்தனை கேட்க மாட்டார்கள். எதிலும் அவள் தவறவில்லை. மெஷின் எழுந்ததும் பக்கத்தைத் தானே போட்டுக்கொள்ளும்படி நாலு வரிக் கட்டளையும் சேர்த்து, ‘உருவாக்கு’ பொத்தானை அழுத்தினாள். திரையில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. மணி பதினொன்றரை. அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டு எழுந்து ஓடினாள்.

திரும்பி வந்தபோது திரை இருட்டாக இருந்தது. வயர் தரையில் கிடந்தது. மாமனாரின் முகம் பேப்பருக்குப் பின்னால் இருந்தது.

குனிந்து வயரை எடுத்துச் செருகினாள். அந்தக் கிழட்டு லேப்டாப் ஆடி அசைந்து எழுந்திருக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. கடவுச்சொல்லை இரண்டு முறை தப்பாக அடித்தாள். கடைசியில் தளம் திறந்தது. மெஷினின் பெயருக்குப் பக்கத்தில், பச்சை எழுத்தில், ‘ஓடுகிறது’. முகவரியைத் தட்டினால் பக்கமும் வந்தது. இவள் இங்கே செத்துப் பிழைத்த நேரத்தில் அது பாட்டுக்கு அங்கே எழுந்து வேலையைத் தொடங்கியிருந்தது. பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது முகவரியை அனுப்பினாள்.

அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது.

“பழக்க தோஷத்துல பிடுங்கிட்டீங்களா மாமா?”

ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். மனிதருக்குப் பொய் வரவில்லை.

“இல்லம்மா. தெரிஞ்சுதான் பிடுங்கினேன்.” பேப்பரை மடித்தார். “அவன் ஆபீஸ் போயிடறான். பையன் ஸ்கூலுக்குப் போயிடறான். நீயும் போயிட்டா பகல் பூரா நான் யார்கிட்ட பேசறது?”

அவள் நாற்காலியில் சாய்ந்தாள். கோபம் போய்விடவில்லை. ஆனால் அவர் சொன்ன பகல் அவளுக்குத் தெரியாததா? ஒன்பது வருடமாக அவளும் அதில்தானே இருந்தாள்.

“எனக்கும் இத்தனை வருஷமாப் பேச நீங்க ஒருத்தர்தான் மாமா,” என்றாள். “அதான் போறேன்.”

அவர் மடித்த பேப்பரை மேசைமேல் வைத்தார். பிறகு தலையாட்டினார்.

“மத்தியானம் சாப்பிடற நேரத்துல ஒரு ஃபோன் பண்ணுவியா?”

“பண்றேன்.”