அமைச்சரின் உடல்

சுதாஜினியின் கணவருடைய உடலுக்கு முதலில் சொல்லப்பட்ட விலை எட்டாயிரம் யூரோ. அப்போது அவள் அந்த உடலுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தாள். இடது கன்னம் முடிந்திருந்தது. வலது கன்னத்தில் நுரை.

சொன்னவர் போலந்து அரசு அனுப்பிய சட்டத்தரணி. ஓகஸ்ட் வெக்கையிலும் கோட்டைக் கழற்றாதவர். விலை என்று அவர் சொல்லவில்லை. 'சிரமத்துக்கான சிறு தொகை' என்றார். பல்லரோச் சந்தையில் பதினெட்டு வருடம் மரக்கறி விற்ற கஜானனுக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. சுதாஜினியின் சித்தப்பா மகன் அவன்; துக்கத்துக்கென்று வந்தவன், கதிரையை இழுத்துப் போட்டு வியாபாரத்துக்கு உட்கார்ந்துவிட்டான்.

அவர்களுக்கு வேண்டியது ஒரு கையெழுத்து. லுட்விக் ஸரோவ்ஸ்கி நேற்று மத்தியானம், இத்தாலியின் பலேர்மோ நகரில், சீசாப் பகுதியிலுள்ள இந்த வாடகை வீட்டின் மூன்றாம் மாடியில் இறந்துபோனார். தன் நாட்டில் அவர் கவிஞர். இரண்டு தடவை அமைச்சர். பழைய ஆட்சி அவரை மூன்று வருடம் சிறையில் வைத்தது, புதிய ஆட்சி நாற்காலியில் வைத்தது. இரண்டோடும் சண்டை பிடித்துக்கொண்டு பலேர்மோவுக்கு வந்தவர். இப்போது வார்சாவில், பெரிய மனிதர்களின் வரிசையில் அவருக்குக் குழி வெட்டியாகிவிட்டது. உடலை அனுப்ப மனைவி சம்மதிக்க வேண்டும். அந்த மனைவி சுதாஜினியாக இருந்தது வார்சாவுக்குக் கொஞ்சம் சங்கடம்.

அவரைப் பராமரிக்க வந்தவள் அவள். இரண்டு வருடம் மாதச் சம்பளம். பிறகு நகரசபையில் கலியாணம். கலியாணத்தின் முதல் பலன், சம்பளம் நின்றது. பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதிக்காகக் கிழவனைப் பிடித்தாள் என்று ஒரேத்தோத் தெருத் தமிழர் கதைத்தார்கள். பெர்மெஸ்ஸோ அவளிடம் முன்பே இருந்தது. அதை ஒருவரும் விசாரிக்கவில்லை. அவள் மீன் வெட்டும்போது அவர் குசினி வாசலில் நின்று புதிய கவிதையைப் போலிஷில் வாசிப்பார். அவளுக்கு ஒரு சொல்லும் விளங்காது. காதால் கேட்டுவிட்டு, "நீளம்" என்பாள். அவர் போய் நான்கு வரி வெட்டிவிட்டு வருவார். கடைசி இரண்டு புத்தகங்கள் அப்படி மெலிந்தவைதான்.

சட்டத்தரணியோடு அவருடைய மூத்த தாரத்து மகள் ஹன்னாவும் வந்திருந்தாள். அரசு வெளியிடப்போகும் வாழ்க்கைக் குறிப்பை மரியாதைக்காக இத்தாலியனில் வாசித்துக் காட்டினாள். பிறந்த ஊர், சிறை, இரண்டு அமைச்சுகள், பதினொரு நூல்கள். இறுதி ஆண்டுகளைப் பலேர்மோவில் தனிமையில் கழித்தார்.

சவரக்கத்தி நின்றது. சட்டத்தரணி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பத்தாயிரம் என்றார்.

கஜானன் முகத்தை அசைக்காமல் தமிழில் சொன்னான்: "அக்கா, அப்பிடியே வாயைத் திறவாமல் நில்லுங்கோ. நல்லாப் போகுது."

அவள் கிண்ணத்துத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். விலை பன்னிரண்டாயிரம் ஆயிற்று. ஹன்னா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தாள். பதினாலு. சந்தையில் கஜானன் தொண்டை வறளக் கத்தியும் ஒரு நாளில் இவ்வளவு ஏற்றியதில்லை.

"தனிமையிலயாம்," என்றாள் சுதாஜினி. "அப்ப நான் ஆர்?"

"அதைப் பிறகு பாப்பம். பதினாறுக்கு வருவினம்."

அவள் அவனை விட்டுவிட்டு நேரே சட்டத்தரணியிடம் இத்தாலியனில் கேட்டாள். காசு வேண்டாம். மனைவியோடு வாழ்ந்தார் என்று எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். குறிப்பு அச்சுக்குப் போய்விட்டது. மேலிடம் ஒப்புக்கொண்ட வாசகம். தொகையைப் பற்றியென்றால் இன்னும் கதைக்கலாம், பதினாறாயிரம் வரை என்றார். ஹன்னா யன்னலுக்கு வெளியே, எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த துணிகளைப் பார்த்தாள். ஒரு சொல்லுக்கு இடமில்லாத அரசிடம் பதினாறாயிரத்துக்கு இடம் இருந்தது.

அப்படியானால் அவர் இஞ்சையே இருக்கட்டும் என்றாள் சுதாஜினி.

சட்டத்தரணி குரலை உயர்த்தாமல் விளக்கினார். இணக்கம் இல்லையென்றால் வழக்கு. ஓகஸ்டில் நீதிமன்றம் விடுமுறை. தீர்ப்பு வரும்வரை உடல் குளிரறையில் கிடக்கும். ஒக்டோபர். டிசம்பர் நத்தாராகவும் ஆகலாம்.

அவளுடைய முதல் கணவனை, இரண்டாயிரத்து ஒன்பது மே மாதத்தில், பதுங்குகுழி ஓரமாகத் தரப்பாளால் மூடி, பறக்காமல் இருக்க நான்கு மூலைக்கும் மண் அள்ளிப் போட்டுவிட்டு அவள் சனத்தோடு நடந்து வந்தவள். பிறகு அங்கே யார் போனார்கள், எடுத்தார்களா, தெரியாது. அந்த அறையில் இது கஜானனுக்கு மட்டும் தெரியும். அவன் முதல் தடவையாகத் தரையைப் பார்த்தான்.

"ஒக்டோபர் வரைக்கும் குளிர்ப்பெட்டியிலயோ?"

"ஓம், அக்கா."

அவள் வலது கன்னத்தை முடித்தாள். துவாயைப் பிழிந்து முகத்தைத் துடைத்து, காதுக்குள் போன நுரையையும் எடுத்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "பேப்பரைக் கொண்டு வரச் சொல்லு," என்றாள்.

தாள்கள் இரண்டு. சம்மதப் படிவத்தில் அவள் மனைவி. அது கோப்புக்குள் போய்விடும். பற்றுச்சீட்டுத்தான் கணக்குக்குப் போவது. பிரேதம் வாங்கியதாக எந்த அரசும் கணக்கு எழுதாது என்பதால் சட்டத்தரணி ஒரு தலைப்புக் கண்டுபிடித்திருந்தார்: பராமரிப்புப் பணியாளரின் சம்பள நிலுவை. ஒன்பது வருடம், நூற்றெட்டு மாதம், மாதத்துக்கு நூற்றைம்பது. பதினாறாயிரம் சரியாகப் பிரிபடாததால் தானாகவே இருநூறு கூட்டியிருந்தார். கேட்காமல் வந்த இருநூறு கஜானனுக்கே வெட்கமாக இருந்தது.

சுதாஜினி ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தாள்.

"முதல் ரெண்டு வருசமும் மாசாமாசம் தந்தவர். ஒரு சதம் மிச்சம் வைக்கேல்லை. அந்த இருவத்துநாலு மாசத்தையும் வெட்டச் சொல்லு."

"விசரே அக்கா? மூவாயிரத்து அறுநூறு."

"வாங்கின காசைத் திருப்பி வாங்கேலாது."

சட்டத்தரணி திருத்தி எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்தார். கஜானன் தயங்கிக் கேட்டான்: "மற்ற ஏழு வருசம்?"

"அதுக்கு அவர் தரேல்லைத்தானே," என்றாள்.

ஹன்னா தன் பேனாவை நீட்டினாள். சுதாஜினி வாங்கி, கட்டிலின் ஓரத்திலேயே தாளை வைத்துக் கையெழுத்திட்டாள்.

பெயர்: சுதாஜினி. தொழில்: பராமரிப்புப் பணியாளர். மாதங்கள்: எண்பத்து நான்கு. மாதத்துக்கு: நூற்றைம்பது. மொத்தம்: பன்னிரண்டாயிரத்து அறுநூறு யூரோ. நிலுவை: இல்லை.