றொசானாவைக் கேட்டு வந்தவர்கள்

கணினித் திரைக்குள் வரப்போகும் மனிதருக்காக மீன் அடைத்த பற்றிஸ் பொரித்து வைத்த ஆள் சிட்னியின் செவன் ஹில்ஸ் முழுவதிலும் மாக்கிறேட் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

"மம்மி, ஹீ இஸ் இன் அமெரிக்கா. அவர் எப்பிடிச் சாப்பிடுறது?" என்று மகள் றொசானா கேட்டாள்.

"சாப்பிடாட்டிப் பரவாயில்லை. பிள்ளையைக் கேட்டு வாற ஆளுக்கு முன்னால வெறும் மேசையோட இருக்கக்கூடாது."

சொல்லிவிட்டு மாக்கிறேட் குசினிக்குள் போய்த் தட்டைத் துடைத்து எடுத்துவந்தாள். கோயிலுக்குக் கட்டும் நீலச் சேலையையும் கட்டியிருந்தாள். அவள் பிளாக்டவுனில் இரத்தம் எடுக்கும் நிலையத்தில் வேலை செய்பவள். சனிக்கிழமை காலையில் அவளைச் சேலையோடு கண்ட பக்கத்து வீட்டுக்காரி யாருக்குக் கலியாணம் என்று வேலிக்கு மேலால் கேட்டதில் பிழையே இல்லை.

ஒருவகையில் அது கலியாணப் பேச்சுத்தான். றொசானா அமெரிக்காவின் வடக்கே ஒரு சின்னக் கல்லூரியில் கூடைப்பந்து விளையாடிக்கொண்டு படித்தாள். படிப்பு, படுக்கை, சாப்பாடு எல்லாம் இலவசம். அவள் போன காலத்தில் விளையாட்டுக்குக் கிடைத்த கூலி அவ்வளவுதான். பிறகு அந்த நாட்டில் சட்டங்கள் ஒவ்வொன்றாக மாறின. பல்கலைக்கழகங்கள் தங்கள் ஆட்டக்காரருக்குக் காசே கொடுக்கலாம் என்றார்கள். பிடிக்காவிட்டால் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறலாம், முன்பு போல ஒரு வருடம் விளையாடாமல் ஓரத்து வாங்கில் குந்தியிருக்கத் தேவையில்லை என்றார்கள். மாற விரும்புகிறவர்கள் பெயரைப் பதிந்தால் போதும், நாடு முழுவதிலுமிருந்து கோச்மார் கூப்பிடுவார்கள். வசந்தத்தில் றொசானாவும் பெயரைப் பதிந்துவிட்டு, விடுமுறைக்கு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"அப்ப இது கலியாணப் பதிவுக்குப் பேர் குடுத்த மாதிரி" என்றார் தகப்பன் யேசுராசா. "வித்தியாசம் என்னெண்டால், இதில சீதனம் அவங்கள் தாறாங்கள்."

இதைச் சொல்லிச் சொல்லி அவருக்கு அலுக்கவேயில்லை. பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் மனிதர். அங்கே அவரோடு வேலை செய்கிறவர்களில் இந்தப் பகிடியைக் கேளாதவர் எவரும் மிஞ்சவில்லை.

கூப்பிட்டவர்களில் பெரிய ஆள் கோச் டெரல். தெற்கே ஒரு பெரிய பல்கலைக்கழகம். அவர் சொன்ன தொகையைக் கேட்டு யேசுராசா கதிரையிலிருந்து எழும்பி, காரணமில்லாமல் வாசல்வரை நடந்துபோய் வந்தார். மாணவர் விசாவில் இருக்கும் பிள்ளை அங்கே விளம்பரத்துக்குச் சிரித்தாலும் அது வேலையாகிவிடுமாம். அதனால் காசில் ஒரு பகுதியைச் சிட்னியில் நிற்கும்போது படம்பிடித்து உழைக்கலாம், மிச்சத்தைத் தங்கள் சட்டத்தரணிகள் பார்ப்பார்கள் என்று கோச்சின் ஆட்கள் சொன்னார்கள்.

இப்படி ஒரு சம்பந்தம் வந்தால் மன்னாரிலிருந்து வந்த எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள்? விசாரிப்பார்கள். யேசுராசாவோடு படித்த மகேந்திரராஜா அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அரை நாள் கார் ஓட்டத்தில் இருந்தார். பாவம், கேட்டதுக்காக ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து அறிக்கை கொடுத்தார். அரங்கம் பெரிது. கோச் குடும்பஸ்தன், ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போகிறவர். குடிவெறி இல்லை.

"ஒண்டு மட்டும்" என்று கடைசியில் இழுத்தார் மகேந்திரராஜா. "போன வருசம் அவரிட்ட மாறி வந்த பிள்ளையளில முக்கால்வாசிப் பேர் இப்ப அங்க இல்லையாம். ஒரு வருசத்தோட அனுப்பிப் போடுவாராம்."

யேசுராசா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நல்ல இடத்தைப் பற்றிப் பொறாமைக்காரர் நாலும் சொல்வார்கள் என்றார். எங்கள் ஆட்கள் விசாரிப்பதில் கெட்டிக்காரர். கேட்டதை நம்புவதில்தான் கொஞ்சம் மட்டம்.

கோச் டெரல் நேரத்துக்குத் திரையில் வந்தார். அகன்ற தோள், பளிச்சென்ற பல். பற்றிஸைப் பார்த்து வாயூறுகிறது என்று சொல்லி மாக்கிறேட்டைச் சிரிக்கவும் வைத்தார். றொசானாவின் வேகத்தைப் புகழ்ந்தார். போன வருடம் முழங்கால் சவ்வு கிழிந்து சத்திரசிகிச்சை செய்ததும், அதற்குப் பிறகு அவள் எழும்பி வந்து விளையாடியதும் தனக்குத் தெரியும், அந்த மனத்திடம்தான் தனக்கு வேண்டும் என்றார். எல்லாம் நன்றாகத்தான் போனது. முடிக்கிற நேரத்தில் அவர் மாக்கிறேட்டின் பக்கம் திரும்பினார்.

"உங்கள் மகளைப் பற்றி நீங்கள் எனக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள்?"

அமெரிக்கத் தாய்மார் இதற்கு என்ன சொல்வார்களோ தெரியாது. மாக்கிறேட்டுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. அவளுடைய அக்காவுக்கு வலிப்பு இருந்ததை மறைத்துக் கட்டிக்கொடுத்தார்கள். மூன்றாம் மாதம் அக்கா பெட்டியோடு திரும்பி வந்தாள். அன்றிலிருந்து மாக்கிறேட்டுக்கு ஒரே கொள்கை. இருக்கிற குறையை முதலிலேயே சொல்லிவிடவேண்டும், அதற்குப் பிறகும் வேண்டும் என்கிறவன் வரட்டும்.

"நல்ல பிள்ளை, கோச்" என்று அவள் ஆங்கிலத்தில் தொடங்கினாள். "பொய் சொல்லாது. ஆனால் அந்த முழங்கால் இன்னும் வீங்குகிறது. காலையில் படியால் பக்கவாட்டில்தான் இறங்குகிறாள். உங்களிடம் சொல்ல மாட்டாள். நான் சொல்லவேண்டும்."

றொசானாவின் முகத்தில் இரத்தம் வற்றியது. இரத்தத்தோடு வேலை செய்கிறவளுக்கு அது தெரியாமல் போகுமா? யேசுராசா பற்றிஸ் ஒன்றைக் கையில் எடுத்தபடி அப்படியே இருந்தார். கோச் டெரலின் பல் மட்டும் மாறாமல் பளிச்சென்று இருந்தது. நேர்மைக்கு மிகவும் நன்றி என்றார். தங்கள் வைத்தியர்களோடு கதைத்துவிட்டுத் தொடர்புகொள்வதாகச் சொன்னார்.

திங்கட்கிழமை குறுஞ்செய்தி வந்தது. அந்த இடத்துக்கு வேறு ஒருவரை எடுத்துவிட்டார்களாம், றொசானாவுக்கு நல்வாழ்த்தாம்.

"ஏன் மம்மி சொன்னனீங்கள்?" றொசானா கத்தவில்லை. கத்தியிருந்தால் மாக்கிறேட்டுக்குச் சுகமாக இருந்திருக்கும். "எனக்கு விளையாட ரெண்டு வருசம்தான் இருக்கு. பழைய காலேஜ் என்ர இடத்துக்கு வேற ஆளை எடுத்திட்டுது. யாரும் எடுக்காட்டி எனக்கு டீமும் இல்லை, ஸ்கொலர்ஷிப்பும் இல்லை, விசாவும் இல்லை. யூ நோ தட், ரைட்?"

மாக்கிறேட்டுக்கு அது தெரியாது. பெயரைப் பதிந்தவுடன் பழைய வீட்டுக் கதவு சாத்தப்பட்டுவிடும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு இடம் சரிவராவிட்டால் பிள்ளை பழைய இடத்திலேயே இருக்கும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"எனக்குத் தெரியாது பிள்ளை. ஆனா அவர் கேட்டவர்."

"கேட்டா சொல்லுறதா? எல்லாரும் மறைக்கினம். தட்ஸ் ஹௌ இட் வேர்க்ஸ்."

யேசுராசா அன்று முழுவதும் சீதனப் பகிடியை எடுக்கவில்லை. அது அந்த வீட்டில் ரீவியை நிறுத்தியது போல. மாக்கிறேட் தன்மீதே கோபப்பட்டாள். பிறகு கோச்மீது கோபப்பட்டாள். பிறகு மறுபடியும் தன்மீதே கோபப்பட்டாள். செய்தது சரி என்று புத்தி சொன்னது. பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் சரி என்று சொல்ல வாய் வரவில்லை.

ஒரு கிழமை றொசானா அறைக்குள்ளேயே கிடந்தாள். பிறகு ஒருநாள் காலை, வேலைக்குப் புறப்பட்ட தாயின் காரில் வந்து ஏறிக்கொண்டாள். காலை நீட்ட இடமில்லாத ஆள் மாதிரி முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"பிளாக்டவுனில ஸ்கேன் எடுக்கிற இடம் இருக்குத்தானே" என்றாள், வெளியே பார்த்தபடி. "எனக்கும் பயமா இருக்கு, மம்மி. நானும் பாக்காம விட்டனான்."

மாக்கிறேட் காரை எடுத்தாள். ஏதாவது சொல்லப்போய் அதையும் கெடுத்துவிடுவாளோ என்று அவளுக்கே பயம்.

சவ்வு மறுபடி கிழியவில்லை. அவசரப்பட்டு விளையாடியதால் மூட்டுக்குள் வீக்கம் தங்கியிருந்தது. ஒழுங்காகப் பயிற்சி செய்து பலப்படுத்தினால் அமெரிக்காவின் குளிர்காலப் போட்டிகளுக்கு முன் சரியாகிவிடும், செய்யாவிட்டால் இன்னொரு வருடம் ஓட்டினாலும் அதோடு சரி என்றார் வைத்தியர். கடைசி வசனத்தை றொசானா இரண்டாம் தரமும் சொல்லச் சொல்லிக் கேட்டாள். திரும்பி வரும் வழியில் அவள் அழுதாள். அது துக்கம் மட்டுமல்ல என்று மாக்கிறேட்டுக்கு விளங்கியது. கொஞ்சம் பாரம் இறங்கிய அழுகை.

அன்று பின்னேரம் றொசானா, தான் பதில் போடாமல் விட்ட பழைய செய்திகளைத் தோண்டினாள். நடுத்தரப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து கோச் ஹேலி என்ற பெண் முதலிலேயே கூப்பிட்டிருந்தார். பெரிய இடம் வந்த சந்தோசப் புளுகத்தில் இவள் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. இப்போது இவளாகவே எழுதினாள். எழுதும்போதே ஸ்கேன் அறிக்கையையும் சேர்த்து அனுப்பினாள்.

"முதலிலேயேவா?" என்று யேசுராசா பதறினார்.

"முதலிலேயே" என்றாள் றொசானா.

கோச் ஹேலி மறுநாளே கூப்பிட்டார். இந்தத் தடவை சேலையும் இல்லை, பற்றிஸும் இல்லை. மாக்கிறேட் குசினிக்குள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆய்ந்த கீரையையே மறுபடியும் ஆய்ந்தாள். காது முழுவதும் முன் ஹோலில்.

றொசானா கதைத்த விதம் அவளுக்குப் புதிதாக இருந்தது. தொகை என்ன என்று பிள்ளை முதலில் கேட்கவில்லை. உங்களிடம் மாறி வந்தவர்களில் எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள், அவர்களில் இருவரோடு நான் கதைக்கலாமா, கால் தேற நேரமெடுத்தால் புலமைப்பரிசில் இரண்டு வருடமும் இருக்கும் என்று எழுத்தில் தருவீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். தகப்பனும் மகேந்திரராஜாவும் சேர்ந்து விசாரித்ததைவிட இது நல்ல விசாரணை. அந்தப் பெண்ணும் மழுப்பாமல் பதில் சொன்னார். எல்லாவற்றையும் எழுதித் தரலாம், ஆனால் டெரல் தருவதாகச் சொன்னதில் பாதிகூடத் தங்களிடம் இல்லை என்றார். யேசுராசா ஒரு பெருமூச்சு விட்டார். விட்டபிறகு தலையையும் ஆட்டினார்.

"மம்மி, வாங்கோ. உங்களோட கதைக்கவேணுமாம்."

மாக்கிறேட் கையைத் துடைத்தாள். வரவில்லை என்று சைகை காட்டினாள். றொசானா எழும்பி வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கதிரையில் இருத்தினாள்.

கோச் ஹேலி நரைத்த தலையும் கண்ணாடியுமாக இருந்தார். மகளைப் பற்றி எனக்கு ஓரளவு தெரிந்துவிட்டது என்றார். "என்னிடம் நீங்கள் கேட்க ஏதாவது உண்டா?"

மாக்கிறேட் திகைத்துப்போனாள். அவளுடைய கலியாணப் பேச்சில் அவளை யாரும் இப்படிக் கேட்டதில்லை. அன்று ஹோலுக்குள் பெரியவர்கள் கதைத்தார்கள், அவள் குசினிக்குள் இருந்தாள். கேட்கவேண்டியது இல்லாமலா இருந்தது? இன்றும் ஒன்று இருந்தது. போன வருடத்திலிருந்து யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது.

"பிள்ளை விழுந்தால் எனக்கு யார் சொல்லுவார்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

கோச்சுக்கு விளங்கவில்லை. மாக்கிறேட் மெல்ல விளக்கினாள். போன வருடம் அந்தப் போட்டியை அவள் வேலையிடத்தில், சாப்பாட்டு அறையில், போனில் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் காலைப் பிடித்துக்கொண்டு விழுந்ததைக் கண்டாள். உடனே விளம்பரம் வந்தது. காரோ என்னவோ. விளம்பரம் முடிந்து படம் வந்தபோது மகளுடைய இடத்தில் வேறு பிள்ளை ஓடிக்கொண்டிருந்தது.

"நான் கல்லூரிக்குப் போன் அடித்தேன். ஒருவரும் எடுக்கவில்லை. வெளியே இரத்தம் எடுக்க ஆட்கள் காத்திருந்தார்கள். போய் எடுத்தேன். கை நடுங்கக்கூடாது அல்லவா, அதனால் நடுங்காமல் எடுத்தேன்."

றொசானா தாயைப் பார்த்தாள். "மம்மி, நீங்கள் அந்த மெட்ச் பாத்தனீங்களா? ஐ டோல்ட் யூ இட் வாஸ் ஜஸ்ட் அ ஸ்ப்ரெய்ன்."

"ஓம். அண்டைக்கு நீ சும்மா சுளுக்கு எண்டு சொன்னபடியா நானும் அப்பிடியே கேட்டுக்கொண்டனான்."

"எல்லா மெட்ச்சும் பாக்கிறனீங்களா?"

"எல்லாம்தான்."

யேசுராசா முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். கோச் ஹேலி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். பிறகு, "உங்கள் நம்பரைச் சொல்லுங்கள்" என்றார்.

மாக்கிறேட் ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னாள். பிழை வந்துவிடக்கூடாது என்று மறுபடியும் சொன்னாள். நாட்டு எண்ணை றொசானா சேர்த்துக் கொடுத்தாள். திரைக்குள் அந்தப் பெண் குனிந்து எதையோ அழுத்துவது தெரிந்தது.

குசினியில், கீரைத் தட்டுக்குப் பக்கத்தில், மாக்கிறேட்டின் போன் அடித்தது. றொசானா ஓடிப்போய் எடுத்துவந்து தாயின் கையில் வைத்தாள். அறியாத நீள இலக்கம். திரையில் கோச் ஹேலி போனைக் காதில் வைத்தபடி காத்துக்கொண்டிருந்தார்.

"இதுதான் என்னுடைய நம்பர்" என்றார். "யாருக்கும் முதல் உங்களுக்கு இதிலிருந்து அழைப்பு வரும். ஆட்டத்தின் நடுவிலும் வாங்குக்குப் பக்கத்தில் நின்றபடியே கூப்பிடுவேன்."

எதிரே முகம் தெரிகிற ஆளோடு போனில் கதைப்பதா என்று மாக்கிறேட் யோசிக்கவில்லை. பொத்தானை அழுத்திக் காதில் வைத்து, "ஹலோ" என்றாள். "ஹலோ, றொசானாவின் அம்மா" என்று அந்தக் குரல் திரையிலிருந்தும் போனிலிருந்தும் சேர்ந்து வந்தது. றொசானா சிரித்தாள். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் இப்படிச் சிரித்ததை மாக்கிறேட் பார்க்கவில்லை. சிரிப்பு அடங்க முதலே பிள்ளை தாயின் தோளுக்கு மேலால் குனிந்து திரையைப் பார்த்தாள்.

"கோச், நான் வாறன்" என்றாள் தமிழில். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு ஆங்கிலத்திலும் சொன்னாள்.