அக்கரைப்பற்றில் பழைய பதில்

கல்முனையில் கேட்டால் ஒரு பதில் வந்தது. அதே கேள்வியை அக்கரைப்பற்றில் கேட்டால் வேறு பதில் வந்தது. காலையிலிருந்து ஸுஹைறாவுக்கு விளங்காமல் இருந்தது இவ்வளவுதான்.

கேள்வி மிகச் சின்னது. இரத்தப் பரிசோதனை றிப்போட்டுகள் இருக்கும் கணினியின் எண் என்ன? கல்முனை ஆய்வுகூடத்தில் பெயர்களுக்கு எண் சொல்லும் சேவர், புதிய கணினியின் எண்ணைச் சரியாகச் சொன்னது. அக்கரைப்பற்றுக் கிளையின் சேவரோ, இப்போது றிப்போட் எதுவும் இல்லாத பழைய கணினியின் எண்ணையே சொல்லிக்கொண்டிருந்தது. அங்கே நோயாளிகள் வாங்கில் உட்கார்ந்து காத்துக் கிடந்தார்கள்.

நேரில் போய்ப் பார்க்க வழியில்லை. கணவனை இழந்த பெண்கள் வீட்டோடு இருக்கும் இத்தாவில் ஸுஹைறா இருக்கிறாள். அவளும் கணவன் அஸ்ஹரும் சேர்ந்துதான் அந்த ஆய்வுகூடத்தின் கணினி வேலை முழுவதையும் பார்த்து வந்தார்கள். பொத்துவிலில் இருக்கும் தாயைப் பார்க்க மோட்டார் சைக்கிளில் போன அஸ்ஹர், வழியில் விபத்தில் மௌத்தானார். நான்கு மாதமும் பத்து நாளும் அவள் சாய்ந்தமருது வீட்டை விட்டு வெளியே இறங்க மாட்டாள். அவர் போன சில கிழமைகளில் ஆய்வுகூடத்துப் பழைய கணினியும் டிஸ்க் பழுதாகி நின்றுவிட்டது.

றிப்போட்டுகளை வைத்திருந்ததும், பெயர்களுக்கு எண் சொல்லும் டிஎன்எஸ் வேலையைப் பார்த்ததும் அந்த ஒரே கணினிதான். றிப்போட்டுகளுக்கு வேறிடத்தில் நகல் இருந்தது. அவற்றைப் புதிய கணினியில் ஏற்றினாள். பழையதற்குப் புது டிஸ்க் பூட்டச் சொல்லி, லினக்ஸையும் பைண்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருளையும் வீட்டிலிருந்தே நிறுவினாள். பெயர்கள் இருந்த கோப்பு டிஸ்க்கோடு போய்விட்டதால், அதை நேற்று நினைவிலிருந்து திரும்ப எழுதினாள்.

காலையில் ஆய்வுகூடத்து டொக்டர் ஹாஜறா போன் எடுத்துக் கதைத்தார். "உன்ட நிலைமை விளங்காம இல்ல ஸுஹைறா. ஆனா அக்கரைப்பற்றுல சனம் என்னோட சண்டைக்கு வருது. பின்னேரம் அஸர் பாங்கு வரைக்கும் பாக்கன். சரிவரல்லண்டா கொழும்புக் கொம்பனிக்குச் சொல்லத்தான் வேணும்."

சொன்னால், வருகிறவர்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத் தங்களுடையதைப் பூட்டுவார்கள். அஸ்ஹரும் அவளும் சேர்ந்து கட்டியதில் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.

உம்மா தேத்தண்ணியோடு வந்தார். "என்னகா புள்ள, பொட்டியோட சண்டையா?"

"பொட்டி சரி உம்மா. பதில்தான் பிழை."

"எனக்கு விளங்குற மாதிரிச் சொல்லன்."

அந்த வார்த்தைக்கு ஸுஹைறா எப்போதும் நிமிர்ந்து உட்காருவாள். இன்றும் உட்கார்ந்தாள். "கொம்பியூட்டருக்குப் பேர் தெரியா. நம்பர்தான் தெரியும். மனிசனுக்கு நம்பர் நினைவில நிக்காது, பேர்தான் நிக்கும். நடுவில நிண்டு இந்தப் பேருக்கு இந்த நம்பர் எண்டு சொல்றதுதான் இந்தச் சேவர்."

"சந்திக் கடைப் பக்கீர் மாதிரி."

"ஓம். கல்முனையில இருக்கிறது மூத்தவர், பக்கீர் காக்கா. அக்கரைப்பற்றுல இருக்கிறது அவர்ர தம்பி. காக்கா சொல்றதப் பாடமாக்கி வெச்சி அங்க சொல்லும்."

"அப்ப தம்பிக்காரனுக்குப் புதுசு தெரியல்ல."

"இடைக்கிடை காக்காட்டக் கேக்குது உம்மா. கேட்டுப்போட்டும் பழசத்தான் சொல்லுது."

"பக்கீரும் அப்பிடித்தான்," என்றார் உம்மா. "நேத்தும் ஆரோ வந்து அஸ்ஹர்ர வீடு எதெண்டு கேட்டாராம். கையக் காட்டி உட்டிருக்கான்." சொன்ன பிறகுதான் மகளின் முகத்தைப் பார்த்தார். தேத்தண்ணிக் கோப்பையைக் கொஞ்சம் கிட்ட நகர்த்தி வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

பிழை தேடுவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. அந்த ஒழுங்கு துக்கத்திலும் கை கொடுக்கும். பைண்ட் ஓடுகிறதா? ஓடுகிறது. முழுப் பெயர்களின் கடைசியில் புள்ளி இருக்கிறதா? புள்ளி ஒன்று தவறினால் பெயர் இரட்டித்துவிடும். ஒன்றும் தவறவில்லை. அடுத்தது கணினிக்குள் வருவதையும் போவதையும் காவல் காக்கும் தீச்சுவர். ஒற்றைக் கேள்வியும் பதிலும் போவது வழக்கமாக ஒரு வழி, முழுக் கோப்பும் நகலாகப் போவது வேறொரு வழி. முதலாவதைத் திறந்துவிட்டு இரண்டாவதை மறக்கிறவர்கள் நிறையப் பேர். அவள் இரண்டையும் திறந்திருந்தாள். நகல் எடுக்க அனுமதியும் கொடுத்திருந்தாள். எல்லாம் சரி. பதில் மட்டும் பிழை.

அக்கரைப்பற்றுக் கிளையில் வேலை செய்யும் சுஜிந்தனுக்குப் போன் எடுத்தாள். ஆலையடிவேம்புப் பொடியன், அஸ்ஹரோடு அந்தச் சேவரைப் பூட்டியவன்.

"ரெண்டு தரம் ரீஸ்டார்ட் பண்ணிட்டன் அக்கா. இந்தப் பொட்டி என்ட மனிசி மாதிரி. ஒருக்காச் சொன்னத மாத்தாது."

"மனிசிக்குக் கேக்கப் போகுது."

"அவ தம்பிலுவில் ஊர்ல நிக்கா. கேக்காது."

"சரி, சேவர் எழுதி வெச்சிருக்கிற லொக்க வாசிங்க தம்பி. நம்மட பேர் வாற கடைசி வரி."

அவன் எழுத்துக் கூட்டி வாசித்தான். கல்முனையிலிருந்து வந்த வரிசை எண் 1447021601. நம்மிடம் இருப்பது 2025061802. வந்தது சிறியது.

"இதென்ன நம்பர் அக்கா? ஆர்டயும் ரெலிபோன் நம்பரா?"

ஸுஹைறா சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தாள்.

ஒவ்வொரு பெயர்க் கோப்பின் தலையிலும் ஒரு வரிசை எண் இருக்கும். கோப்பைத் திருத்தும் ஒவ்வொரு முறையும் அந்த எண்ணைக் கூட்ட வேண்டும். அக்கரைப்பற்றில் இருப்பது போன்ற துணைச் சேவர் கோப்பை வாசித்துப் பார்ப்பதில்லை. எண்ணை மட்டும் கேட்கும். பெரிதாக இருந்தால் புது நகல் எடுக்கும். சிறிதாக இருந்தால், தன்னிடம் இருப்பதே புதியது என்று முடிவு செய்து பேசாமல் இருந்துவிடும். எண் எப்போதும் ஏறிக்கொண்டே போக வேண்டும் என்பதற்காக எல்லாரும் தேதியையே எழுதுவார்கள். ஆண்டு, மாதம், நாள், அன்றைக்கு எத்தனையாவது திருத்தம். அஸ்ஹர் கடைசியாக எழுதியது 2025 ஜூன் 18, இரண்டாவது திருத்தம்.

அவள் எழுதியது இஸ்லாமிய ஆண்டான ஹிஜ்ரி 1447, இரண்டாம் மாதமான ஸபர், பிறை 16, முதலாவது திருத்தம்.

அஸ்ஹர் போன முஹர்ரம் தொடக்கத்திலிருந்து அவளுக்கு வேறு தேதி தெரியாது. கலண்டரில் பெரிதாக அச்சடித்த எண் கண்ணில் படுவதே இல்லை. மூலையில் இருக்கும் சின்ன எண்ணைத்தான் ஒவ்வொரு விடியலிலும் பார்க்கிறாள். இத்தா பிறைக் கணக்கில்தான் கழியும். தேதி எழுத வேண்டிய இடம் வந்ததும் கை அதையே எழுதிவிட்டது.

எண்ணை எண்ணாக மட்டும் பார்க்கத் தெரிந்த சேவருக்கு, அவளுடைய கோப்பு அஸ்ஹருடையதை விட மிகப் பழையது. அஸ்ஹர் சொன்னதே புதியது என்று அது நம்பியிருந்தது. அதன் பக்கம் பிழையே இல்லை.

அக்கரைப்பற்றுச் சேவரிடம் நேரடியாகக் கேட்டாள்: உன் கோப்பின் தலைப் பதிவைக் காட்டு. உடனே காட்டியது. வரிசை எண்ணுக்கு முன்னால் கோப்புக்குப் பொறுப்பானவரின் முகவரி. அதில் அஸ்ஹர் என்ற பெயர்.

"அக்கா, லைன்ல இருக்கியளா? இஞ்ச கிடக்கிற பழைய பைல அழிச்சிட்டா, அது தானாப் புதுசை எடுக்கும்தானே?"

"அழிக்காதீங்க." குரல் உயர்ந்துவிட்டது. தணித்துக்கொண்டாள். "அழிக்கத் தேவல்ல தம்பி. இஞ்ச நம்பரக் கூட்டினாக் காணும்."

"எப்பிடிச் செஞ்சாலும் பழசு போகும்தானேக்கா."

"ஓம். போகும்."

சுஜிந்தன் மெல்லச் சொன்னான்: "அஸ்ஹர் நானாட பேர் கிடக்கு அதுல. நானும் பாத்தன்."

பழைய கோப்பை ஒரு நகல் எடுத்து வைக்கலாம். எடுத்தும் வைத்தாள். ஆனால் சேவரில் இல்லாத நகலிடம் யாரும் வந்து எதையும் கேட்க மாட்டார்கள். அது யாருக்கும் பதில் சொல்லாது.

கல்முனைக் கோப்பைத் திறந்தாள். பொறுப்பாளர் இடத்தில் நேற்று தன் பெயரை எழுதியிருந்தாள். அதை அழித்து அஸ்ஹரின் பெயரை எழுத எத்தனை நொடி ஆகும்? எழுதினாள். அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது கோளாறு என்றால் ஆட்கள் எழுதிக் கேட்பதற்காகத்தான் அங்கே ஒரு முகவரி. எழுதுகிறவர் பதிலுக்குக் காத்திருப்பார். அப்படிக் காத்திருப்பது எப்படியென்று அவளுக்குத் தெரியும். மறுபடி தன் பெயரை எழுதினாள்.

உம்மா கதவடியில் நின்றார். "அஸர் பாங்கு சொல்லப் போகுது புள்ள."

"முடிஞ்சி உம்மா."

வரிசை எண்ணில் இருந்த 1447021601ஐ அழித்து, 2025 ஆகஸ்ட் 12, முதலாவது திருத்தம் என்று 2025081201 எழுதினாள். பைண்ட் கோப்பை மறுபடி வாசிக்கும்படி செய்தாள். அக்கரைப்பற்றுச் சேவர் புது நகலை எடுத்துக்கொண்டது. இரண்டு ஊரிலும் ஒரே பதில் வந்தது, றிப்போட்டுகள் திறந்தன.