பதினாலு மில்லிமீட்டர் சுவர்

அந்தத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ஒரே பெண் அவள்தான். எல்லோருக்கும் 'மேல்மாடி அக்கா'. பதினெட்டு வருஷமாகக் கண்டெய்னர்களைப் பூப்போல தூக்கிப் பூப்போல இறக்கியவள், வருடாந்திர மருத்துவப் பரிசோதனையில் மாட்டிக்கொண்டாள். இரத்த அழுத்தம் எகிறியிருந்தது. எக்கோ எடுத்த டாக்டரம்மா திரையைக் காட்டினார்.

"இதயத்தோட இந்தச் சுவரைப் பாருங்க. பதினாலு மில்லிமீட்டர். இவ்வளவு தடிமன் இருக்கக் கூடாது."

"தசை கெட்டியா இருந்தா நல்லதுதானே டாக்டர்?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "அழுத்தத்தை எதிர்த்து ரத்தத்தைத் தள்ளித் தள்ளித் தடிச்சுப் போயிருக்கு. இப்படியே விட்டா விறைச்சுப் போய், ஒருநாள் கையை விரிச்சிடும். மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தலை வலித்தால் மட்டும் போட்டுக்கொள்வது அவள் வழக்கம்.

"இனிமே தினமும் போடணும். உப்பைக் குறைங்க. வனஸ்பதி, வெண்ணெய், பொரிச்ச எண்ணெயிலேயே திரும்பப் பொரிக்கிறது, எல்லாத்துக்கும் ஒரு முழுக்குப் போடுங்க. கொழுப்பே வேண்டாம்னு சொல்லலை. மீன், கொட்டை வகை, நல்ல எண்ணெய்னு அளவா சேர்த்துக்கங்க. ஆறு மாசம் கழிச்சு வாங்க. அதுவரைக்கும் கிரேன் கிடையாது."

கீழே சரக்குச் சீட்டு சரிபார்க்கும் மேசையில் உட்கார வைத்தார்கள். தன் கிரேனை வேறொருவன் வெடுக்கு வெடுக்கென்று ஓட்டுவதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறே மாதத்தில் மேலே ஏறியே தீருவது என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

சிக்கல் வீட்டில் இருந்தது. அவள் கணவர் துறைமுகக் கேன்டீனில் தலைமைச் சமையல்காரர். மனைவி மேலுள்ள பிரியத்தை வாயால் சொல்லத் தெரியாமல் வாணலியில் பொரித்துத் தட்டில் வைக்கிற மனிதர். அன்று சாயங்காலமும் வைத்தார். அவள் தட்டை நகர்த்திவிட்டு, டாக்டரம்மா சொன்னதைச் சொன்னாள்.

அவர் முகம் விழுந்துபோனது. "அப்போ இத்தனை வருஷமா என் கையாலயே உனக்கு விஷம் வச்சிருக்கேன்னு சொல்ற."

"நான் அப்படியா சொன்னேன்? மாத்திரையைப் போடாம ஏமாத்தினது நீங்களா? நான்தானே? அதை நான் பாத்துக்கறேன். நீங்க சமையலை மட்டும் பாத்துக்கங்க."

இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. அவளே காய்கறியைத் தண்ணீரில் வேகவைத்துத் தின்றாள். மூன்றாம் நாள் அவர் அதில் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டார்.

"இதைத் தின்னா இதயம் பிழைக்கும், நாக்கு செத்துடும். தள்ளு அந்தப் பக்கம்."

அதற்குப் பிறகு அவருக்கே பிடிவாதம் வந்துவிட்டது. எலுமிச்சையும் பூண்டும் தடவி மீனை ஆவியில் வேகவைத்தார். வேர்க்கடலையை அரைத்துக் குழம்பைக் கெட்டியாக்கினார். வனஸ்பதி இல்லாமல் அவர் சுட்ட முதல் பிஸ்கட்டைக் கடித்ததில் அவளுக்குப் பல்லே ஆடிப்போனது. நடுவில் ஒருநாள் தோழியின் பிரிவு விருந்தில் மனசு கேட்காமல் மூன்று பஃப்ஸை உள்ளே தள்ளினாள். வீட்டுக்கு வந்து மறைக்காமல் சொன்னாள். "சரி விடு, நாளைக்கு ஒழுங்கா இரு" என்றதோடு அவர் நிறுத்திக்கொண்டார். மாத்திரையை மட்டும் ஒருநாள்கூட அவள் தவறவிடவில்லை.

ஆறு மாதம் கழித்து அழுத்தம் கட்டுக்குள் வந்திருந்தது. சுவர் பதிமூன்று.

"ஒண்ணே ஒண்ணுதான் குறைஞ்சிருக்கா?" அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"வருஷக்கணக்கா தடிச்சது. ஒரே மூச்சுல இறங்கிடுமா? மாத்திரையும் சாப்பாடும் சேர்ந்து வேலை செய்யுது. விட்டுடாதீங்க" என்ற டாக்டரம்மா, தகுதிச் சான்றில் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை அவள் மேலே ஏறினாள். ஆறு மாதமாகப் பழக்கம் விட்டுப்போனதில் முதல் கண்டெய்னர் தொம்மென்று உட்கார்ந்தது. கீழே நின்றவர்கள் ஓவென்று கத்தினார்கள். இரண்டாவது, சத்தமே இல்லாமல் இறங்கியது.

அதே மத்தியானம் அவள் கணவர் கேன்டீனில் முந்தின நாள் பொரித்த எண்ணெயை அடுப்பிலேற்ற விடாமல் மறித்துக்கொண்டு நின்றார். மேலாளர் காச்சுமூச்சென்று கத்தினார்.

"கத்துங்க சார். ஆனா இந்த எண்ணெய் இனிமே அடுப்புல ஏறாது" என்று சொல்லிவிட்டு, அவர் புது டின்னைத் திறந்தார்.