பட்டன்வில்லோ வரைக்கும்

மகன் மதன் வருவதாகச் சொன்னதிலிருந்து வசந்தாமணிக்குக் கால் தரையில் பாவவில்லை. கணவர் சேனாபதி வாடகைக்கு எடுத்த, படுக்கையும் அடுப்பும் உள்ள ஆர்வி வண்டியை ஃப்ரீமான்ட் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியதும், அரிசி, பருப்பு, குக்கர், மகனுக்கென்று புதிதாக வாங்கிய போர்வை என்று ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அந்த வருடம் நல்ல மழை. காரிஸோ சமவெளியில் காட்டுப்பூக்கள் மலைமலையாகப் பூத்துக் கிடப்பதாக ஆபீஸில் எல்லோரும் படம் காட்டினார்கள். கடலோரமாகவே மாரோ பே வரை போய், அங்கே மதனை ஏற்றிக்கொண்டு, உள்ளே திரும்பிப் பூக்களைப் பார்த்துவிட்டு, பட்டன்வில்லோவில் ஐ-5 நெடுஞ்சாலையைப் பிடித்து வீடு திரும்புவதாகத் திட்டம். இதை வசந்தாமணி போனில் விவரமாகச் சொன்ன பிறகுதான் மதன் ஒத்துக்கொண்டான். அதற்கு முன்பு கூப்பிட்டபோதெல்லாம் போனை எடுத்ததுகூட இல்லை.

மதனுக்கு இருபத்திரண்டு வயது. ஹைஸ்கூலில் கால்பந்து ஆடும்போது முழங்கால் முறிந்தது. வலிக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையில் ஆரம்பித்து, டாக்டர் நிறுத்திய பிறகு வேறு ஆட்களிடம் வாங்கி, கல்லூரியைப் பாதியில் விட்டு, இரண்டு முறை சிகிச்சைக்குப் போய் இரண்டு முறையும் ஓடி வந்தவன். கடைசியாக ஓடி வந்தபோது சேனாபதி வீட்டுப் பூட்டை மாற்றியிருந்தார். கதவை இழுத்துப் பார்த்துவிட்டு அவன் திரும்பி நடந்ததை மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அதெல்லாம் நடந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது.

மாரோ பேயில் கடலுக்குள் நிற்கும் பெரிய பாறைக்கு எதிரே வண்டியை நிறுத்திக் காத்திருந்தார்கள். வர மாட்டான் என்றே சேனாபதி நினைத்தார். ஆனால் வந்தான். தோளில் ஒரு பை, அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை. வசந்தாமணி இரண்டு கைகளாலும் அவன் முகத்தைத் தடவிப் பார்த்தாள்.

"சாமி, இப்படி எளச்சுப் போயிட்டியே."

"ஐ'ம் ஓகேம்மா."

அரிசியும்பருப்புச் சோறு சூடாக இருந்தது. நெய் விட்டுக் கொடுத்தாள். இரண்டு வாய் தின்றுவிட்டு, அப்புறம் சாப்பிடுவதாகச் சொல்லித் தட்டை வைத்தான். அனன்யா, பதினைந்து வயதுத் தங்கை, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மேல் படுக்கையிலிருந்து இறங்கவே இல்லை.

கடலை விட்டு உள்ளே போகும் சாலை வளைந்து வளைந்து ஏறியது. மதன் முன் இருக்கையில் அப்பாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"வண்டி பெருசா இருக்கே. ஓட்ட கஷ்டமா இருக்காப்பா?"

"திருப்பத்துலதான் கொஞ்சம் பயமா இருக்கு. மத்தபடி பழகிருச்சு."

"ஐ-5க்கு எப்ப போய்ச் சேருவோம்?"

"இன்னிக்கு நைட் பூ பக்கத்துலயே கேம்ப் பண்ணலாம்னு அம்மா சொல்றா. நாளைக்குக் காலைல போயிருவோம்."

மதன் தலையாட்டிவிட்டுப் போனைப் பார்த்தான். சேனாபதிக்கு அது வெறும் பேச்சாகத்தான் பட்டது. மகன் பக்கத்தில் உட்கார்ந்து வழி கேட்கிறான். அதுவே போதும் போலிருந்தது.

மலை தாண்டியதும் சமவெளி விரிந்தது. சரிவு முழுக்க மஞ்சள். நடுநடுவே ஊதா. தூரத்தில் வற்றிய உப்பு ஏரி வெள்ளையாகக் கிடந்தது. வண்டியை ஓரம் கட்டியதும் அனன்யாவே முதலில் குதித்து இறங்கினாள். ஒற்றையடிப் பாதையில் நால்வரும் நடந்தார்கள். இருபுறமும் பூக்கள் இடுப்பு உயரத்துக்கு வந்தன.

அனன்யா சட்டென்று நின்று அண்ணனைப் பார்த்தாள். "ஆர் யூ க்ளீன்? எல்லாத்தையும் விட்டுட்டியா?"

வசந்தாமணி அவள் கையைக் கிள்ளினாள். மதன் கோபப்படவில்லை.

"ஐ'ம் ட்ரையிங், அனு."

அவள் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, அவன் தோளில் சாய்ந்து ஒரு படம் எடுத்தாள். அவன் நாக்கை நீட்டினான். அவள் சிரித்துவிட்டாள். அப்புறம் இரண்டு பேரும் முன்னே ஓடினார்கள். மதன் அந்த முறிந்த காலைச் சற்று இழுத்துத்தான் ஓடினான்.

"பாத்தீங்களா? அவன் பழைய மாதிரி ஆயிட்டு வர்றானுங்க," என்றாள் வசந்தாமணி. "அவன் ரூம் அப்படியேதான் இருக்குன்னு சொன்னேன். சரிம்மான்னு சொல்லிட்டான்."

அந்தக் கொஞ்ச நேரம் சேனாபதியும் நம்பினார். பூட்டுச் சாவிக்கு ஒரு நகல் எடுக்க வேண்டும் என்றுகூட நினைத்தார்.

மத்தியானம் தாண்டியதும் மதன் தனியாக ஒரு மேட்டில் ஏறிப் போனை உயர்த்திப் பிடித்து நின்றான். சிக்னல் இல்லை. இறங்கி வந்தான். மறுபடி ஏறினான். கொட்டாவி விட்டுக்கொண்டே இருந்தான். மூக்கு ஒழுகியது, கண்ணில் நீர் கோர்த்தது, வெயிலில் நின்றுகொண்டே நடுங்கினான்.

"பூத்தூள் ஒத்துக்கல போல," என்று வசந்தாமணி அலர்ஜி மாத்திரையைத் தேடினாள். "ஏனுங்க, நம்ம அனுவுக்கு வாங்குனது எங்க வெச்சீங்க?"

சேனாபதிக்கு அது அலர்ஜி இல்லை என்று தெரியும். அந்தக் கொட்டாவியை, அந்த நடுக்கத்தை, இரண்டு வருடம் வீட்டில் வைத்துப் பார்த்தவர். அவளும் பார்த்தவள்தான். மகனை நிமிர்ந்து பார்க்காமல் பையைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

"இப்பவே கிளம்பலாம்ப்பா," என்றான் மதன். "ப்ளீஸ்."

கேம்ப் என்ன ஆச்சு என்று யாரும் கேட்கவில்லை. சேனாபதி வண்டியை எடுத்தார்.

மதன் உள்ளே புதுப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, முழங்காலை மார்போடு கட்டிப் படுத்துக் கிடந்தான். வசந்தாமணி பக்கத்தில் உட்கார்ந்து அவன் காலைப் பிடித்துவிட்டாள். மலை இறங்கி எண்ணெய்க் கிணறுகளைத் தாண்டியதும் அவன் போன் தொடர்ந்து சத்தம் போட்டது. எழுந்து உட்கார்ந்து வேகவேகமாக டைப் பண்ணினான். பட்டன்வில்லோவில் பெட்ரோல் பங்க் வந்ததும், "ரெஸ்ட்ரூம் போகணும்ப்பா," என்றான்.

போனவன் திரும்பி வந்து தன் பையை எடுத்தான். பங்க்கின் ஓரத்தில் ஒரு பழைய சாம்பல் நிறக் கார் நின்றது.

"ஃப்ரெண்ட் வந்திருக்கான். நான் அவனோட பேக்கர்ஸ்ஃபீல்ட் போறேன். நெக்ஸ்ட் வீக் வீட்டுக்கு வர்றேம்மா."

வசந்தாமணி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "அடுத்த வாரமெல்லாம் வேண்டாம் கண்ணு. இப்ப வா." அவன் விரல் விரலாக அவள் பிடியை விலக்கினான். மெதுவாகத்தான் விலக்கினான்.

சேனாபதி இறங்கி அவன் பின்னாலேயே நடந்தார். லாரிகளின் இரைச்சலில் சற்றுச் சத்தமாகப் பேச வேண்டியிருந்தது.

"இதுக்குத்தான் வந்தியா?"

மதன் நின்றான். "இங்க வர ஒரு ரைடு வேணும்ப்பா. என்கிட்ட கார் இல்ல." கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்கள எல்லாம் பாக்கணும்னும் இருந்துச்சு. அதுவும் உண்மைதான்," என்றான்.

"சிகிச்சைக்கு இன்னொரு இடம் பாத்து வெச்சிருக்கேன். இப்பவே போலாம். நேரா அங்கேயே ஓட்டறேன்."

"முடியாதுப்பா. இப்ப என்னால முடியாது."

அடிக்க வேண்டும் போல இருந்தது. காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டுமே பழைய வழிகள். இரண்டையும் எப்போதோ செய்து பார்த்தாகிவிட்டது. சேனாபதி சட்டைப் பையிலிருந்து சின்ன வெள்ளைப் பெட்டி ஒன்றை எடுத்து மகன் கையில் வைத்தார். போதை அதிகமாகி மூச்சு நின்றுபோனால் மூக்கில் அடிக்கும் மருந்து. ஆபீஸுக்குப் போனாலும் கடைக்குப் போனாலும் அது அவரிடம் இருக்கும். வசந்தாமணிக்குத் தெரியாது.

"தனியா இருக்கறப்ப எதையும் போட்டுக்காத. பக்கத்துல யாராச்சும் இருக்கணும். இது எங்க இருக்குன்னு அவன்கிட்ட சொல்லி வெய்யி."

ஒரு தகப்பன் மகனிடம் சொல்ல இவ்வளவுதான் மிச்சம் என்பது சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது.

மதன் பெட்டியைப் பார்த்தான். அவன் வாய் கோணிக்கொண்டு வந்தது. அழுவான் என்று நினைத்தார். அழவில்லை. கார் ஓட்டுகிறவன் ஹாரன் அடித்தான்.

"சரிப்பா," என்று சொல்லிவிட்டு, காலை இழுத்துக்கொண்டே ஓடிப்போய் ஏறிக்கொண்டான். கார் கிழக்கே திரும்பிப் போனது.

சேனாபதி ஆர்விக்குத் திரும்பியபோது வசந்தாமணி படுக்கையில் மகன் போர்த்தியிருந்த போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். அனன்யா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவள் முதுகு குலுங்கியது.

ஐ-5 நேராகப் போனது. இரண்டு பக்கமும் பாதாம் தோப்பு. கொஞ்ச தூரம் போனதும் வசந்தாமணி முன் இருக்கைக்கு வந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். பூக்களுக்கு நடுவில் அண்ணனும் தங்கையும் நிற்கும் படத்தை அனன்யாவின் போனிலிருந்து தனக்கு வாங்கி, ஈரோட்டுச் சொந்தக்காரர்கள் இருக்கும் வாட்ஸப் குரூப்பில் போட்டாள். அங்கே பொழுது விடிந்திருக்க வேண்டும். உடனே பதில் வந்தது. சேனாபதியின் அக்கா மரகதம்தான் கேட்டிருந்தாள், மதன் வீட்டுக்கு வந்துட்டானா என்று.

வசந்தாமணி, ஆமாம், வந்துட்டான் என்று டைப் பண்ணி அனுப்பினாள்.

சேனாபதி ஓரக்கண்ணால் அதைப் படித்தார். வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார்.