ஒப்பித்தது ஒப்பித்ததுதான்

1958ஆம் வருடம் ஆடி மாதத்திலிருந்து புளியங்காட்டூர் உயர்நிலைப் பள்ளிக் காம்பவுண்டுக்குள் தண்ணீர் எண்பது டிகிரியில் கொதித்தது. கேட்டுக்கு வெளியே வழக்கம்போல நூறுதான். விஞ்ஞானமும் சமூகப் பாடமும் நடத்திய லாசர் வாத்தியார் ஒரு சனிக்கிழமை அவசரத்தில் தப்பாகச் சொன்னதுதான் இதற்குக் காரணம் என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகமில்லை. சேலம் அரிசிப்பாளையத்தில் அவருடைய மனைவி சகாயம்மாள் இருந்தாள். ஆஸ்பத்திரி நர்ஸ், ஏழு மாதக் கர்ப்பிணி. சனிக்கிழமை மதிய பஸ்ஸில் போய், ஞாயிறு பூசை பார்த்து, திங்கள் விடியலில் திரும்புவது லாசரின் வாழ்க்கை. அன்று பஸ் ஊருக்குள் நுழைகிற ஹாரன் கேட்ட நேரம் பார்த்து நான்காம் பாரம், அதாவது ஒன்பதாம் வகுப்புப் பொன்னாத்தாள் எழுந்தாள். தண்ணி எத்தனை டிகிரியில கொதிக்குங்க சார் என்று கேட்டாள். அந்தப் பெண்ணுக்குக் கேள்வி கேட்க நேரங்காலமே கிடையாது. லாசர் குடையை எடுத்துக்கொண்டே எண்பது என்றார். வாத்தியார் சொன்ன பதிலை வகுப்பு முழுக்க ஒரே குரலில் மூன்று தரம் ஒப்பிக்க வேண்டும் என்பது அந்தப் பள்ளியின் வழக்கம். ஒப்பித்தார்கள். அவர் பஸ்ஸைப் பிடித்துவிட்டார்.

திங்கட்கிழமை சோதனை செய்து காட்டும்போது லாசர் தெர்மாமீட்டரைத் திட்டினார். நாமக்கல்லிலிருந்து வேறொன்று வரவழைத்தார். அதுவும் எண்பதிலேயே நின்றது. தப்பு என்னுடையது, நூறு என்று சொல்லுங்கள் என்று பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டார். அவர்களும் நல்ல பிள்ளைகள்தான், முயற்சி செய்தார்கள். ஆனால் ஒருமுறை ஒப்பித்த வாய் திரும்ப மாட்டேன் என்றது. நூ என்று தொடங்கி எண்பது என்று முடித்தார்கள். ஒரு வாரம் போராடிவிட்டு லாசர் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். ஊர்ப் பெண்கள் அதற்குள் நெல் அவிக்கிற அண்டாக்களைப் பள்ளி வேப்பமரத்தடிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். விறகு மிச்சமாயிற்று. தலைமை ஆசிரியர் பாலசுந்தரம் புகையைப் பற்றி மட்டும் கொஞ்சம் முணுமுணுத்தார்.

இதற்குப் பிறகாவது மனுஷன் நாக்கை அடக்கியிருக்க வேண்டும். ஆனால் பொன்னாத்தாளை வைத்துக்கொண்டு யாரால் அடக்க முடியும்? ஜன்னலை அடைத்துக்கொண்டு கிழக்கே கொல்லிமலை நின்றுகொண்டிருக்க, கொல்லிமலை நமக்கு எந்தத் திசைங்க சார் என்று கேட்டாள். லாசருக்கு ரத்தம் தலைக்கேறியது. “கண்ணு முன்னாடி நிக்கிற மலையக் கேக்குறியே, மேற்கே இருக்கு, போ!” என்றார். கிண்டலுக்கும் பதிலுக்கும் அந்த வகுப்பு என்றைக்கு வித்தியாசம் பார்த்தது? மேற்கே என்று மூன்று தரம் ஒப்பித்தது. மறுநாள் காலை பள்ளிக்குள்ளிருந்து பார்த்தால் மலை மேற்கே இருந்தது. கேட்டைத் தாண்டினால் பழையபடி கிழக்கே. மூன்று மணிக்கே மலை நிழல் விழுந்து வகுப்புகள் குளிர்ந்தன. விளையாட்டுப் பீரியடு வெயிலில்லாமல் நடந்தது. வெளியூரிலிருந்து வந்தவர்கள் மட்டும் கேட்டருகே சற்றுத் தடுமாறினார்கள்.

அடுத்த வருடம் மழை பொய்த்தது. பள்ளிக் கமிட்டித் தலைவரும் பொன்னாத்தாளின் அப்பாவுமான அப்புசாமி ஒரு நாள் செருப்பை வாசலில் விட்டுவிட்டுக் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். “ஏனுங்க வாத்தியாரே, நம்மூருக்கு வருசத்துக்கு எத்தன அங்குலம் மழைங்க?” என்று கேட்டார். லாசர் இந்த முறை உஷாராகப் புத்தகத்தைத் திறந்து, அதில் உள்ளபடி முப்பது என்று படித்தார். தப்பே சொல்லவில்லை. வகுப்பு ஒப்பித்தது. அன்று சாயங்காலம் பிடித்த மழை, வருடத்துப் பாக்கியையெல்லாம் சேர்த்துப் பள்ளிக் காம்பவுண்டுக்குள் மட்டும் கொட்டித் தீர்த்தது. ஊரார் சுவரில் ஓட்டை போட்டு, வாய்க்கால் வெட்டி, கடலைக்காட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டார்கள். தப்பாகச் சொன்னாலும் தொல்லை, சரியாகச் சொன்னாலும் தொல்லை என்றால் ஒரு வாத்தியார் என்னதான் செய்வார்?

அன்றிலிருந்து லாசரின் மாற்றல் மனு எதுவும் ஊர் எல்லையைத் தாண்டவில்லை. வாத்தியாரு போனா மழையும் போயிருமுங்க என்று அப்புசாமி ஜில்லா போர்டில் போய் உட்கார்ந்துகொண்டார். சேலத்தில் வேளாங்கண்ணி என்று பெயர் வைத்த மகள் தவழ்ந்தாள், நடந்தாள், பேசினாள். வாரம் ஒரு நாள் வந்துபோகிற இந்த ஆளை யாரோ விருந்தாளி என்று நினைத்துக் கதவுக்குப் பின்னால் ஒளிந்தாள். அது லாசரை அறுத்தது. ஞாயிறு பூசையில் முழந்தாளிட்டு, ஆண்டவரே, என்னை வீட்டில் இருக்கவிடும் என்று மட்டும் கேட்டார். கடைசியில் சகாயம்மாளே குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜில்லா போர்டு ஆபீசுக்குப் போய், ஆர்டர் கையில் வராமல் நகர மாட்டேன் என்று நின்றாள். 1960 டிசம்பரில் சேலத்துக்கு மாற்றல் கிடைத்தது.

கடைசி நாள். டிரங்குப் பெட்டி வாசலில் இருந்தது. ஆறாம் பாரத்துக்கு வந்துவிட்ட பொன்னாத்தாள் எழுந்து நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். “நீங்க போயிட்டா எங்க கேள்விக்கெல்லாம் ஆருங்க சார் பதில் சொல்லுவாங்க?”

பஸ் ஹாரன் அடித்தது. “ம்ம், நானேதான் வந்து சொல்லணும், வேற யாரு வருவா!” என்றார் லாசர், எரிச்சலில். சொன்ன வாயைப் பொத்திக்கொள்வதற்குள், நம் கேள்விகளுக்கு லாசர் சாரே வந்து பதில் சொல்வார் என்று வகுப்பு தொடங்கிவிட்டது. ஒப்பிக்காதீங்க, ஒப்பிக்காதீங்க என்று அவர் கத்தினார். மூன்றாவது தரமும் முடிந்தது.

மறுவாரம் அரிசிப்பாளையத்தில் முகத்தில் பாதி சோப்போடு நின்றிருந்தவர், அப்படியே புளியங்காட்டூர் கரும்பலகை முன்னால் நின்றார். ஒளிச்சேர்க்கை என்றால் என்னங்க சார் என்று யாரோ கேட்டிருந்தார்கள். புதிதாக வந்த சின்னுசாமி வாத்தியார் மரியாதையாக நாற்காலியை விட்டு எழுந்தார். பதில் சொன்னதும் லாசர் வீட்டுக்கண்ணாடி முன்னால் வந்து சேர்ந்தார். கத்தியை எடுப்பதற்குள் அடுத்த பையன் கையைத் தூக்கிவிட்டான். இப்படிச் சோற்றில் கை வைத்தபடி, செபமாலையின் பாதியில், சேலம் வகுப்பில் சாக்பீஸை எடுத்த கையோடு அவர் காணாமல் போய்க்கொண்டிருந்தார். சேலம் பள்ளிக்காரர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு அவரைப் பழைய இடத்துக்கே திருப்பி எழுதிவிட்டார்கள். பரீட்சைக் காலம் வேறு. பிள்ளைகள் பள்ளியிலேயே தங்கிப் படித்தார்கள். சகாயம்மாள் தட்டில் போட்ட சோறு ஒவ்வொரு ராத்திரியும் காய்ந்தது. மகள் தூங்கிப்போனாள்.

சகாயம்மாள் ஒரு மாதம் பொறுத்தாள். பிறகு மகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். மலை மேற்கே நிற்பதையோ அண்டாக்களையோ அவள் திரும்பியும் பார்க்கவில்லை. நேராக ஆறாம் பாரத்துக்குள் நுழைந்து, பெண்கள் பெஞ்சில் பொன்னாத்தாள் பக்கத்தில் உட்கார்ந்து கையைத் தூக்கினாள்.

“சார், லாசர் சார் தினமும் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவாரு? வந்தா எதுவரைக்கும் வீட்ல இருப்பாரு?”

லாசர் மனைவியைப் பார்த்தார், அவள் தோளில் சாய்ந்துகொண்டு தன்னை வேற்றாளாகப் பார்த்த மகளைப் பார்த்தார். வந்து இத்தனை வருடத்தில் முதல்முறையாக, அவசரமில்லாமல், யோசித்து ஒரு பதில் சொன்னார். “சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வருவார். காலை எட்டு மணி வரைக்கும் வீட்டிலேயே இருப்பார்.”

பிள்ளைகள் தயங்கினார்கள். அப்புசாமியை யார் பகைத்துக்கொள்வது? அப்போது பொன்னாத்தாள் எழுந்து நின்றாள். “ஒப்பியுங்கடா, பாத்துட்டு நிக்கிறீங்க!” என்று அதட்டிவிட்டு அவளே உரக்கத் தொடங்கினாள். மூன்று தரமும் அவள் குரல்தான் மேலே கேட்டது. ஒப்பித்தது காம்பவுண்டைத் தாண்டாது என்று பாலசுந்தரம் வாதாடினார். ஒப்பிக்கும்போது ஆள் காம்பவுண்டுக்குள்தானே இருந்தார் என்று சகாயம்மாள் கேட்டாள்.

அன்றிலிருந்து சாயங்காலம் ஆறானால் லாசர் அரிசிப்பாளையத்து வீட்டு நடையில் நின்றார். பஸ் தேவைப்படவில்லை. ஆறு மணிக்குமேல் புளியங்காட்டூரில் கேட்கப்பட்ட கேள்விகள் காலை எட்டு வரை காத்திருந்தன. பக்கத்து வீட்டு ஜெபமலர் அவர் வந்து நிற்பதைப் பார்த்து உலை வைக்கப் பழகிக்கொண்டாள். 1966இல் வேளாங்கண்ணி மூன்றாம் வகுப்பு. ஒருநாள் அவர் வந்து நின்றதும் நிற்காததுமாக, நிலா ஏன்ப்பா நம்ம கூடவே வருது என்று கேட்டாள்.

“காலையிலேர்ந்து பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை வத்திப்போச்சு. நாளைக்குக் கேளும்மா.”

“நாளைக்குக் கேக்கறதுக்கா உங்கள அங்கேர்ந்து வரவச்சேன்?” என்றாள் சகாயம்மாள் அடுப்படியிலிருந்து.

லாசர் கையிலிருந்த சாக்பீஸ் தூளை வேட்டியில் துடைத்துக்கொண்டு மகள் பக்கத்தில் உட்கார்ந்தார்.