எரிச்சல் பிடித்த ராத்தா

கிட்ட வாங்க பிள்ளைகள், கதவோரம் நிற்காதீர்கள், என் பக்கத்தில் இடமிருக்கிறது. வெள்ளவத்தையில், கடல் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், மூன்றாம் மாடி வீட்டில் நடந்த கதையொன்று சொல்கிறேன். மூத்தவள், வீட்டின் ராத்தா, ஹமீமா. முப்பத்தொரு வயது, காலி வீதியென்ற பெரிய தெருவில் ஒரு புடவைக்கடையில் வேலை. இளையவள் அர்பா, இருபத்திரண்டு. ஹமீமா கெட்டவள் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் தங்கையைப் பார்த்தால் அவளுக்கு வயிறு எரியும்.

முந்தின வருடம், நோன்பு மாதத்துக்குச் சற்று முன்பு, அர்பாவுக்கு மனம் கலங்கிப் போனது. ரயிலில் போகிறவர்கள் எல்லாரும் தன்னைப் பற்றியே கதைக்கிறார்கள் என்றாள். தொலைக்காட்சியின் சிவப்பு விளக்கு தன்னைப் பார்க்கிறதென்று அதன்மேல் பிளாஸ்டர் ஒட்டினாள். அந்த நோன்பு முழுக்க ஆஸ்பத்திரியில். நல்லவேளை, அங்கே கொடுத்த மருந்துக் குளிசை வேலை செய்தது. ஐந்தாறு மாதத்தில் பழைய அர்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். குளிசையைத் தானாக நிறுத்தக்கூடாது என்று டொக்டர் கிருபாகரன் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பியிருந்தார்.

அன்றிலிருந்து வீடே அர்பா பக்கம் சாய்ந்துவிட்டது. மீனின் நடுத்துண்டு அர்பாவுக்கு. ஃபேனுக்குக் கீழே கட்டில் அர்பாவுக்கு. உம்மா சோற்றைப் பிசைந்து அவள் வாயில் வைப்பாள். ஹமீமாவுக்குக் காய்ச்சல் வந்த கிழமை, "பனடோல் அலுமாரில ஈக்கி" என்று அடுப்படியிலிருந்து ஒரு குரல் வந்ததோடு சரி.

இந்த வருடமும் நோன்பு பிறந்தது. அர்பா முதல் நாளிலிருந்தே பிடித்தாள். அது மட்டுமா? இரவுத் தொழுகையான தராவீஹ் முடிந்த பிறகும் தொழுகைப் பாயை மடிக்கவில்லை. விடியுமுன் உண்ணும் சஹருக்கு உம்மாவை எழுப்புவதே அவள்தான். பத்தாம் நோன்பன்று நோன்பு துறக்க வந்த உம்மாவின் தங்கை றலியா சாச்சி, கஞ்சிக் கோப்பையைக் கையில் வைத்தபடியே உருகிப்போனாள்.

"மொகத்தப் பாருங்களேன் ராத்தா, நூர் எறங்கி ஈக்கி! போன வருஷம் சொகமில்லாமக் கெடந்த புள்ளயா இது?"

"ரெண்டு மணித்தியாலம்கூடத் தூங்குறல்ல," என்றாள் உம்மா பெருமையாக. "ராவெல்லாம் தொழுகையும் ஓதலும்தான்."

"நம்மட ஹமீமா எப்பிடி?"

"அவவ சஹருக்கு எழுப்ப ஃபயர் பிரிகேட் வரணும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஹமீமாவும் சிரித்தாள். நாள் முழுக்க நின்று புடவை விரித்து மடிக்கிறவளுக்கு ஏன் அந்த நூர், அந்த ஒளி, இறங்கவில்லை? அர்பா வேஷம் காட்டுகிறாள், வேறொன்றுமில்லை.

அதைக் கண்டுபிடிக்கத்தான் தங்கையை விடாமல் பார்க்கத் தொடங்கினாள். மற்றவர்கள் பார்த்துப் பூரித்தார்கள், இவள் குற்றம் பிடிக்கப் பார்த்தாள். ஓதிக்கொண்டிருப்பவள் திடீரென்று நிறுத்தி, ஜன்னல் பக்கம் காது கொடுப்பதைக் கண்டாள். சஹர் சோறு தட்டிலேயே காய்ந்து கிடப்பதைக் கண்டாள். பதின்மூன்றாம் நோன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் தொலைக்காட்சியைத் துடைக்கப் போனாள். சிவப்பு விளக்கின்மேல் புதிதாக ஒரு துண்டு பிளாஸ்டர்.

நேரே போய்க் குளிசை அட்டையை எடுத்துப் பார்த்தாள். நோன்புக்கு முதல் நாள் வாங்கியது. ஒன்றுகூட உடைபடவில்லை. இவ்வளவு தொழுகிற பிள்ளையிடம் மருந்து குடித்தாயா என்று கேட்க உம்மாவுக்கு வாய் வந்திருக்காது.

சொன்னால் எரிச்சலில் சொல்கிறாள் என்பார்கள். சொல்லாமல் இருந்தால்? சும்மா இருந்தாலே போதும், இன்னும் பத்து நாளில் சாச்சி வந்து அந்த நூரைத் தேடட்டும். ஒரு கணம், பிள்ளைகள், அந்த நினைப்பு ஹமீமாவுக்கு இனித்தது. இனித்ததை உணர்ந்ததும் அவளுக்குத் தன்மேலேயே பயம் வந்தது. அட்டையோடு அர்பாவிடம் போனாள்.

"இது என்ன?"

"மெல்லக் கதைங்க ராத்தா. கீழ கேக்கும்."

"ஆருக்குக் கேக்கும்? ஏன் நீ குடிக்கல்ல?"

"குடிச்சா சஹருக்கு எழும்ப ஏலா. போன வருஷம் முப்பது நோன்பும் போச்சு. இந்த வருஷமாவது முழுசாப் புடிக்க வாணாமா? எனக்கு இப்ப சொகம். சொகமான ஆளுக்கு என்னத்துக்கு மருந்து?"

"நீ தூங்குறல்ல அர்பா. போன முறையும் இப்பிடித்தான் தொடங்கின."

"ஒங்களுக்கு எரிச்சல்! சாச்சி வந்துட்டுப் போனதுல இருந்து எரிச்சல்!"

சத்தம் கேட்டு உம்மா ஓடிவந்தாள். "நோன்போட என்ன இது? அவ தொழுறது ஒனக்கு என்ன செய்யுது ஹமீமா? எரியுதா?"

"ஓ, எரியுது," என்றாள் ஹமீமா. "ஒரு வருஷமா எரியுது உம்மா. மீன் துண்டுக்கும் எரியுது, ஃபேனுக்கும் எரியுது. அது வேற கத. இந்த அட்டையப் பாருங்க. அந்த டீவியப் பாருங்க. பாத்துட்டு எனக்கு ஏசுறதெண்டா ஏசுங்க."

உம்மா போய்ப் பார்த்தாள். அதன் பிறகு ஏசவில்லை. தொழுகைப் பாயிலேயே உட்கார்ந்து அர்பாவைக் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் கிளினிக்கில் டொக்டர் கிருபாகரன் கோபிக்கவில்லை. "நோன்பு பிடிக்க ஆசையெண்டா என்னட்டச் சொல்லியிருக்கலாமே, பிள்ளை. நோன்பு துறந்த கையோட குளிசையைப் போட்டிட்டு வெள்ளனப் படுத்தா விடிய எழும்பலாம். ஆனா இப்ப கொஞ்ச நாளைக்கு நோன்பு வேண்டாம். முதல்ல நித்திரை."

"குளிசையக் குறைக்கவே ஏலாதா டொக்டர்?" என்றாள் அர்பா.

"குறைக்கிறதைப் பற்றிக் கதைக்கலாம். நல்லா இருந்து சில மாசம் போகட்டும், பிறகு மெல்ல மெல்ல, சேர்ந்து பாத்துச் செய்வம். ஒளிச்சு நிப்பாட்டினா நான் என்னத்தைப் பாக்கிறது?"

பெருநாள் வரைக்கும் அர்பா ராத்தாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. உம்மாவின் செல்லமும் இரண்டு மடங்காகிவிட்டது. அதைப் பார்த்து ஹமீமாவுக்கு எரிந்ததும் இரண்டு மடங்குதான். ஆனால் அர்பா உறங்கினாள். குறட்டை விட்டு உறங்கினாள்.

பெருநாள் கழிந்து மூன்றாம் கிழமை, ஹமீமா துணி மடித்துக்கொண்டிருந்த இடத்துக்கு அர்பா வந்து நின்றாள்.

"ராத்தா, அடுத்த கிளினிக்குக்கு நீங்க வாறீங்களா?"

"ஏன், உம்மா வருவாதானே."

"நான் தும்மினாலும் உம்மா மாஷா அல்லாஹ் எண்டு புகழுவா. மருந்து குறைக்கிறத எப்ப தொடங்கலாமெண்டு கேக்கப் போறன். ஊட்டுல நான் எப்பிடி ஈக்குறன் எண்டு டொக்டர் கேப்பார். அத அவருக்கு நீங்க செல்லுங்க. நீங்க உள்ளத விட ஒண்டையும் கூட்டிச் செல்ல மாட்டீங்க."

"குறைச்சுத்தான் செல்லுவேன்."

"கொஞ்சமாக் குறைங்க," என்றாள் அர்பா. ஹமீமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடையில் எந்த நாள் லீவு கேட்கலாமென்று அப்போதே யோசிக்கத் தொடங்கினாள்.

இவ்வளவுதான் கதை. அல்லாஹ் உங்கள் வீடுகளில் பரக்கத் என்னும் அருளை இறக்கட்டும் பிள்ளைகள். வந்த நோய் உங்கள் வாசலில் நெடுநாள் தங்காதிருக்கட்டும். ஒரே கூரையின் கீழ் இருப்பவர்களுக்கு, மனதில் இருப்பதை ஒருவருக்கொருவர் சொல்லும் தைரியத்தை அவன் தரட்டும்.